நீலக் கறை

கோழிக்குத் தீனி வாங்குவது எப்போதும் என் பொறுப்பாகவே இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பந்தய வாரத்துக்கு முந்தின நாள் காப்பர் வெல்ஸ் கடைத்தெருவில் ஒரு மூட்டை சோளக் குருணையும் ஒரு வெள்ளைப் பெட்டைக்கோழியும் வாங்கி, வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு விமானத்தளத்துக்குப் போவேன். விமானப் பந்தயத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளன் செய்கிற வேலையா இது என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

டெனிஸ், நீங்கள் என் இடத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த கையோடு பழைய சோதனைத் தாள்களைக் கேட்டு எழுதியிருந்தீர்கள். நல்ல அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். பன்னிரண்டு வருடத் தாள்களும் இத்துடன் உள்ள பெட்டியில் இருக்கின்றன. ஒரு தாளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் கையை நெஞ்சில் வைத்துச் சாட்சி சொல்வேன். அந்த ஒரு தாள் எண்பத்தேழாம் வருடத்துப் பந்தயச் சனிக்கிழமையுடையது. முப்பத்தொன்றாம் எண் விமானம், வெர்னா லிண்ட்குவிஸ்ட். பிரதிகளைப் புரட்டும்போது அது உங்கள் கண்ணில் படாமலே போகும். அவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட தாள். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

கோழியிலிருந்து தொடங்குவதுதான் சரி. நீங்கள் வருவதற்கு முன்பே அந்த வழக்கம் போய்விட்டது, அதனால் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கோழிக்குச் சிறகு உண்டு, பறக்கத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் காரணமில்லாமல் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைச் சொன்ன விமானிக்கு அந்தக் கோழியைக் கொடுப்பார்கள். ஐம்பதடி உயரத்தில், மணிக்கு இருநூற்றைம்பது மைல் வேகத்தில், எட்டு விமானங்கள் ஒன்றையொன்று உரசாத குறையாகக் கம்பங்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை வானொலியில் மூன்று முறை சொன்னால் போதும். மற்ற ஏழு பேரும் தாழ்வாகவே இருந்து வழி விடுவார்கள். சொன்னவர் அந்த வேகத்தை உயரமாக மாற்றி மேலே ஏறி, ஓடுதளத்தைப் பார்த்து இறங்கிவிடுவார். பந்தயம் போனது போனதுதான், உயிர் மிஞ்சும். இறங்கிய பிறகு நான் விமானத்தைச் சோதிப்பேன். உள்ளே பழுது இருந்தால் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். ஒன்றுமில்லையென்றால் கோழி. அந்த வாரம் முழுவதும் விமானி தன் கையாலேயே அதற்குத் தீனி போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அதை இடுக்கிக்கொண்டு வர வேண்டும். நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, தீனி வாங்கிப் போட்டேன்.

அதற்கு முந்தின சில வருடங்களில் இரண்டு பேர் செத்திருந்தார்கள். மாவட்ட ஆட்சிக் குழுவில் மூன்று கமிஷனர்கள். தளம் அவர்களுடையது. ஒரு பந்தய வாரத்தில் நாலு ஆபத்துக்கு மேல் போனால் அடுத்த வருடம் தளம் கிடையாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் விமானி ஏதோ சத்தத்தைக் கேட்டு மிரண்டு இறங்கினாலும் அதுவும் ஓர் ஆபத்து என்று எண்ணப்பட்டது. நான் ஒரு வழி சொன்னேன். தாளில் இரண்டு பத்தி போடுவோம், நிஜமான ஆபத்து ஒரு பத்தியில், வீண் அழைப்பு இன்னொரு பத்தியில். முதல் பத்தியை மட்டும் குழுவுக்குக் காட்டுவோம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இன்னொரு விதியும் கொண்டுவந்தேன். நான் சோதித்து முடிக்கும்வரை விமானத்தின் சொந்தக்காரர்கள் கயிற்றுக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். பழுதை அவர்கள் மறைத்துவிடக் கூடாது என்பதற்காக. பழுதை யார் மறைப்பார்கள் என்று அப்போது எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

வெர்னாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வருடம் முழுவதும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், செப்டம்பரில் ஒரு வாரம் பந்தயம் ஓட்டுவாள். அவள் கணவன் ஹாலிஸ் கிணற்று மோட்டார்கள் பழுது பார்ப்பவன். அந்த மஞ்சள் விமானத்தை இரண்டு பேருமாக நாலு குளிர்காலம் உட்கார்ந்து தங்கள் கொட்டகையில் கட்டினார்கள். ஹாலிஸின் கையைப் பற்றி இங்கே பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரியும் என்பார்கள். எனக்கு இருவரும் இருபது வருட நண்பர்கள். என் மனைவி போன பிறகு நவம்பர் மாத நன்றியறிதல் விருந்துக்கு வேறு வீடு தேடிப் போனதில்லை, அவர்கள் வீடுதான்.

அந்தச் சனிக்கிழமை நாலாவது சுற்றில் வெர்னா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். மூன்று முறை சொன்னாள், மேலே ஏறினாள், அழகாக இறங்கினாள். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை பெட்ரோல் வாடை என்பதுதான்.

“நல்லா அடிச்சுது ராய்ஸ். கண்ணே எரிஞ்சுது.”

“வாடை வந்தா இறங்கிடணும். நீ செஞ்சதுதான் சரி” என்றான் ஹாலிஸ், கயிற்றுக்கு அப்பால் இருந்தபடியே. கயிற்றைத் தாண்டி ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. விதியை மதிக்கிறவன்.

வெர்னாவும் போய் அவன் பக்கத்தில் நின்றாள். அவர்களுக்கு முதுகைக் காட்டி நான் எஞ்சின் மூடியைத் திறந்தேன். எங்கள் விமானங்களுக்குப் போடும் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள், எங்கே ஒழுகினாலும் தெரிய வேண்டும் என்பதற்காகவே. பெட்ரோல் குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டுக்கு நேர் கீழே, தகட்டில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

வெள்ளிக்கிழமை மாலையே முதல் பத்தியில் நாலு ஆகியிருந்தது. இது ஐந்து.

அப்போது என்ன நினைத்தேன் என்று ஏழு வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. கை வேலை செய்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். ஸ்பானரை எடுத்து அந்த மூட்டின் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், அது இறுகி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும்வரை. ஒழுக்கு நின்றது. மூடியைப் பூட்டினேன். தாளில் இரண்டாவது பத்தியில், ‘ஒன்றும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மொத்தம் ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். கைக்குட்டையைத் துவைத்திருந்தால் சாயம் போயிருக்கும். எனக்குத் துவைக்கத் தோன்றவில்லை, எரித்துவிட்டேன். அதை எரித்த மனிதனுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்திருக்கிறது. ஆகவே கை மட்டும் செய்த வேலை என்று மேலே எழுதியதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“நிஜமாவே ஒண்ணுமில்லையா?” என்று கேட்டாள் வெர்னா.

“ஒண்ணுமில்ல வெர்னா. இந்த வெயில்ல எல்லாருக்கும் ஏதாவது ஒரு வாடை வரத்தான் செய்யும்.”

“எனக்குச் சத்தியமா வந்துச்சு.”

“வந்துச்சுன்னு தோணியிருக்கும்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். இருபது வருடப் பழக்கம், நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்.

கோழியைக் கொண்டுவந்து கொடுத்ததும் தளத்து விமானக் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. “நாளெல்லாம் பஸ்ஸுல டீசல் வாடை பிடிச்சுப் பிடிச்சு மூக்கு மரத்துப் போச்சு, பாவம்” என்றான் ஒருவன். “மூக்கை வித்துட்டு வேற வாங்கு வெர்னா” என்றான் இன்னொருவன். அவள் விட்டுக்கொடுக்கிற ஆளா? கோழியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “இதுக்கு கமிஷனர்னு பேரு வச்சிருக்கேன். மூக்குமுட்டத் தின்னும், தானும் பறக்காது, மத்தவனையும் பறக்க விடாது” என்றாள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அடுத்த வருடப் பந்தயம் உறுதியாயிற்று. எழுபது விமானிகள், அவர்கள் குடும்பங்கள், அந்த ஒரு வாரத்தை நம்பி இருக்கிற ஊர், எல்லோருக்கும் அது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியை நான்தான் கொண்டுவந்தேன் என்று எனக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது. குளிர்காலத்தில் ஹாலிஸ் எப்படியும் எஞ்சினைக் கழற்றுவான், அப்போது அந்த மூட்டை அவனே பார்த்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டேன்.

அவன் கழற்றினான். ஆனால் ஒன்றும் காணப்படவில்லை என்று என் தாள் சொல்லியிருந்தது. அவன் என் தாளை நம்பினான். மூட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு அதே குழாயை அப்படியே திரும்பப் பூட்டினான்.

நவம்பர் விருந்தில் வெர்னா ஒரு கதை சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று மோந்து பார்க்கிறாளாம். ஹாலிஸைக் கூப்பிட்டு, உனக்கு வருதா, உனக்கு வருதா என்று கேட்பாளாம். அவனுக்கு வரவில்லை. வராது, மூட்டு இறுகி இருந்தது. “இப்பல்லாம் என் மூக்கை நானே நம்புறதில்ல ராய்ஸ். சமையல்ல ஏதாவது தீஞ்சாக்கூட இவன்தான் வந்து சொல்லணும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹாலிஸ் சிரிக்கவில்லை. “இவ சரியாத் தூங்குறதில்ல” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். அந்த மேசையில் எனக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. வான்கோழித் துண்டை நறுக்கி அவள் தட்டில் வைத்தேன். நன்றி என்றாள்.

எண்பத்தெட்டாம் வருடப் பந்தய வாரத்தைப் போல அமைதியான வாரம் அதற்கு முன் வந்ததில்லை. முதல் பத்தியில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதிலும் ஒன்றுதான். விமானிகள் பக்குவப்பட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லித் திரிந்தேன். அவர்கள் வாயை மூடிக்கொண்டு பறக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சூனியம் என்ற எண் பார்க்க அழகாக இருந்தது. கடைசி நாள் மூன்று கமிஷனர்களும் குடும்பத்தோடு வந்து பந்தலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். இனி வருடா வருடம் கெஞ்ச வேண்டாம், ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எழுதித் தருகிறோம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். இந்த வாரம் மட்டும் இப்படியே முடியட்டும் என்றார்கள்.

இறுதிப் பந்தயம் எட்டுச் சுற்று. நான் வழக்கம்போல முதல் கம்பத்துக்குப் பக்கத்தில் லாரி மேல் நின்றிருந்தேன். கையில் தொலைநோக்கி, தோளில் வானொலி. ஆறாவது சுற்று முடிகிற நேரம், வெர்னா மூன்றாவதாக வந்தாள். வானொலியில் அவள் குரல் வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“முப்பத்தொண்ணு பேசுறேன். ராய்ஸ், எனக்குப் பின்னால ஏதாவது தெரியுதா?”

தெரிந்தது. எஞ்சின் மூடியின் அடிப்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை, நூல் கனத்துக்கு, வால் வரை போயிற்று. முதலில் தொலைநோக்கியில் தூசி என்று நினைத்தேன். விமானத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பியது. தூசி திரும்பாது. காற்றில் சிதறும் பெட்ரோல் தூரத்திலிருந்து வெள்ளையாகத்தான் தெரியும்.

“சுத்தமா இருக்கு வெர்னா” என்றேன்.

“சரி. அப்ப என் மூக்குதான்.”

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. கடைசிச் சுற்றில் மூன்றாவது கம்பத்தைத் தாண்டியதும் விமானம் தீப்பிடித்தது. மேலே ஏற அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு சுற்றுக்கு முக்கால் நிமிடம் ஆகும். நான் பதில் சொன்னதற்கும் தீப்பிடித்ததற்கும் நடுவே அந்த முக்கால் நிமிடமும் அதற்கு மேல் ஒரு பதினைந்து நொடியும் இருந்தன. மேலே ஏறி இறங்கிவிட அது தாராளமாகப் போதும். முந்தின வருடம் அதைவிடக் குறைவான நேரத்தில் இறங்கியிருந்தாள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் அப்படித்தான். இன்னும் இரண்டு சுற்றுத் தாங்கும் என்று நினைத்தேன். அப்படி நிஜமாகவே மோசமென்றால் அவளே அந்தச் சொல்லைச் சொல்வாள், அது அவள் முடிவு, நான் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன். அவள் மூக்கைப் பிடுங்கிக்கொண்டு, என் கண்ணை நம்ப வைத்தவனும் நான்தான் என்பது அப்போது என் நினைவில் வரவில்லை. பந்தலில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது மட்டும் வந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் நல்லவர்கள். வானொலியில் நான் சொன்னதை மற்ற விமானிகளும் கேட்டிருந்ததால் அதைப் பற்றிக் கேட்டார்கள். வெயிலில் கண் கூசியது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். மாலை நாலு மணி, சூரியன் என் முதுகுப் பக்கம் இருந்தது. லாரி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. எரிந்த மிச்சத்தில் அந்தக் குழாயைக் கண்டெடுத்தார்கள். மூட்டுக்குள் பொருந்தும் குழாயின் விரிந்த வாயில் மயிரிழை விரிசல், நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் வந்தது என்று எழுதினார்கள். கடைசியாக எஞ்சினைப் பூட்டியது யார் என்று கேட்டார்கள். ஹாலிஸ் எழுந்து நின்று, நான்தான் என்றான்.

அதற்கு மேல் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து காரில் ஏறுவதற்கு முன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எப்படி ராய்ஸ் எனக்குத் தெரியாமப் போச்சு?” என்று கேட்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவ்வளவு சிரமம்கூட எனக்கு இருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து சோற்றை அள்ளிப் போட்டார்கள், நான் சும்மா இருந்தேன்.

அதன் பிறகு நான் செய்தவை உங்களுக்குத் தெரியும். கோழியை நிறுத்தினேன். இரண்டு பத்தியை ஒன்றாக்கினேன். சந்தேகம் வந்தால் இறங்கு, இறங்கியவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று விதி போட்டேன். ‘வெர்னா விதி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், பெயரை முன்மொழிந்ததும் நான்தான். கமிஷனர்களிடம் போய், அழைப்பு அதிகமானால் ஆபத்து அதிகம் என்று அர்த்தமில்லை, விமானிகள் வாயைத் திறக்கிறார்கள் என்று அர்த்தம் என்று மணிக்கணக்கில் பேசிப் புரியவைத்தேன். ஆறு வருடமாகக் காப்பர் வெல்ஸில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மற்ற ஊர்ப் பந்தயக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

இன்னொன்றும் செய்தேன். அதை நான் செய்த நல்லவற்றில் ஒன்று என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் புது விமானிகளுக்கு நடத்தும் வகுப்பில் ஹாலிஸ் வந்து பேசுவது என் யோசனை. எண்பத்தொன்பதில் அவனைத் தேடிப் போய்க் கேட்டேன். “நான் என்னத்தச் சொல்றது?” என்றான். “நடந்ததைச் சொல்லு. நாங்க நூறு தடவை சொல்றதும் நீ ஒரு தடவை சொல்றதும் ஒண்ணு” என்றேன்.

நீங்கள் இன்னும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். அவன் ஒரு குழாயும் ஒரு நட்டும் ஒரு ஸ்பானரும் கொண்டுவருவான். எல்லோருக்கும் முன்னால் மேசையில் வைப்பான். “என் பேரு ஹாலிஸ். நான் என் பெண்டாட்டியைக் கொன்னவன்” என்று தொடங்குவான். பிறகு நட்டை முறுக்குவான். ஒரு இடத்தில் நிறுத்தி, “இங்க நிறுத்தணும், இதோ பாருங்க, இதுதான் அளவு. நான் இங்க நிறுத்தல” என்பான். இன்னும் கொஞ்சம் முறுக்குவான். அந்தச் சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை அவன் எப்படித்தான் சரியாகக் கொண்டுவருகிறானோ, எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு வருடமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் புது ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் நேரே தங்கள் விமானத்துக்குப் போவார்கள். முதல் வருடமே நாலு விமானங்களில் அதிகம் முறுக்கிய மூட்டுகள் அகப்பட்டன, நாலையும் மாற்றினார்கள். அந்த நாலு பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். இந்த ஆறு வருடத்தில் பெட்ரோல் ஒழுகி ஒரு விமானம்கூட இறங்கவில்லை. ஒரு பொய் இவ்வளவு நல்லது செய்யுமா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. செய்யும் என்றுதான் பதில் வந்தது.

ஹாலிஸ் இப்போது மோட்டார் வேலை பார்ப்பதில்லை. கருவிகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு, ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறான். தன் கையை நம்புவதில்லை. அவன் சமையலறையில் எந்தப் புட்டியின் மூடியும் முழுக்க மூடியிருக்காது, மேலே சும்மா வைத்திருப்பான். ஜாமில் எறும்பு ஏறுகிறது என்று நான் ஒருமுறை இறுக்கி மூடப் போனேன். “வேணாம் விடு” என்றான். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து என்னால் எதையும் சாப்பிட முடியவில்லை.

மார்ச் மாதம் நானும் அவனும் ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தாரின் விடுதியில் நீள மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் பொறுப்பிலிருந்து விலகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இப்போது பந்தயமும் இல்லை, கமிஷனர்களும் இல்லை, காப்பாற்ற வேண்டிய எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

“உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷமா மனசுல கிடக்கு.”

“கேளு.”

“அந்தக் கோழி குடுத்த வருஷம், நீ உள்ள பாத்தியே. அந்த மூட்டு காஞ்சு இருந்துச்சா?”

எதைக் கேட்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதே ஈரமாக இருந்ததென்றால் பழுது முன்பே இருந்தது. அவன் கை சுத்தம். வெர்னாவின் மூக்கும் சரியாகவே இருந்தது, இரண்டு வருடமும். ஒரு சொல்லில் அந்த இரண்டையும் அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

“காஞ்சுதான் இருந்துச்சு” என்றேன்.

“ம். அப்ப சரி.” ரொட்டியைக் குழம்பில் தோய்த்தான். “எங்கேயோ ஒரு மூலைல சின்ன ஆசை இருந்துச்சு, அதான் கேட்டேன். நீ நேராச் சொல்லுவன்னு தெரியும். குழம்பு ஆறுது, சாப்பிடு.”

நான் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

முதல் பொய்க்கு ஒரு பந்தயம் காரணமாக இருந்தது. இரண்டாவதற்கு மூன்று பேர் பந்தலில் இருந்தார்கள். இந்தக் கடைசிப் பொய்க்கு என்னைத் தவிர வேறு காரணம் இல்லை. அவன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, டெனிஸ். காலையில் முகம் கழுவும்போதும், யாராவது தெருவில் நின்று உங்களால்தான் எங்கள் பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று சொல்லும்போதும், வெர்னா விதி என்ற அச்செழுத்தைப் பார்க்கும்போதும் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடமாக அது வருத்தம் என்று நினைத்திருந்தேன். வருத்தம் என்றால் அவனிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.

ஆகவே எழுதுகிறேன். எண்பத்தேழாம் வருடத்தில் அந்த மூட்டு ஈரமாக இருந்தது. அதைத் துடைத்தவன் நான். அளவுக்கு மீறி முறுக்கி விரிசல் விழச் செய்தவன் நான். எண்பத்தெட்டில் வெள்ளை இழையைப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று சொன்னவன் நான். வெர்னாவைக் கொன்றது நான், ஹாலிஸ் இல்லை. இதை விசாரணைக்காரர்களுக்கு அனுப்புங்கள், கமிஷனர்களுக்கு அனுப்புங்கள், செய்தித்தாளுக்குக் கொடுப்பதென்றாலும் கொடுங்கள். வீட்டில்தான் இருப்பேன், யார் வந்தாலும் கதவைத் திறப்பேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாலிஸ் உங்கள் வகுப்புக்கு வருவான். எப்போதும் கால் மணி முன்பே வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், மடியில் அந்தக் குழாயும் ஸ்பானரும் இருக்கும். அவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். நானே போய்ச் சொல்ல வேண்டியது, எனக்கு முகம் இல்லை. அவன் பேச எழுந்திருப்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

இல்லை, பேசி முடித்த பிறகு கொடுங்கள். இந்த வருடம் பத்தொன்பது புது விமானிகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அவர்கள் அதைக் கேட்பது நல்லது.